ஆட்டின் மையக்கருத்து

நாலாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம் மூன்றாவது கதவு, குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிற அறை. அந்த ஆஸ்பத்திரியில் அதைப் போலக் கெட்ட பெயர் எடுத்த அறை வேறு கிடையாது. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறிய மாத்திரத்தில் லிஃப்டின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒழுங்காக மருந்து குடிப்பதாகப் பேரம் பேசும் பிள்ளைகள் உண்டு.

அங்கே பதினோரு வருஷமாக ரத்தம் எடுப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஊசியக்கா. பெயரைக் கேட்டால் ஆளை வளர்த்தியாக, கோரைப் பல்லோடு கற்பனை செய்யத் தோன்றும். நேரில் பார்த்தால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற முகம். பச்சைக் குழந்தையின் கையில்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். ஆனால் பிள்ளை கையை இழுக்காமல் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை இழுக்காமல் இருக்கும்? அப்பா ஒரு கையை, நர்ஸ் ஒரு காலை, சில நாள் வாட்ச்மேன் மற்றொரு காலை என்று அமுக்கிப் பிடித்துத்தான் எட்டு வருஷம் ஓட்டினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, வெளியே பெஞ்சுக்கு அடியில் ஒரு படப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை, கடைசிப் பக்கம் இல்லை. நடுவில் பதினான்கு பக்கம் மட்டும் உயிரோடு இருந்தது. ஓர் ஆடு யாரோ ஒருவர் வீட்டுக் காலிங் பெல்லைத் தின்றுவிடுகிறது. அன்றிலிருந்து அது துள்ளும்போதெல்லாம் வயிற்றுக்குள் டிங் டாங் என்று அடிக்கிறது. தெருவில் எல்லாக் கதவும் திறக்கின்றன. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு வருகிறார், குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வருகிறார். வாசலில் யாரும் இல்லை, ஓர் ஆடுதான் நிற்கிறது. கடைசியாக மிஞ்சியிருந்த படத்தில் ஆடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு காலைத் தூக்குகிறது. அதோடு சரி.

முதல் தடவை ஏதோ சமாதானத்துக்குத்தான் சொன்னாள். போலீஸ் ஸ்டேஷன் வந்ததும், "ஆடு துள்ளிடுச்சு. அப்புறம் என்ன ஆச்சு?" என்று எதிரே இருந்த பிள்ளையையே கேட்டாள். அவளுக்கும் தெரியாது, அதனால் கேட்டாள். பிள்ளை கூரையைப் பார்த்து யோசித்தது. யோசிக்கிற பிள்ளையின் கை தானாகத் தளர்ந்துவிடுகிறது என்பதை ஊசியக்கா அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். "இன்ஸ்பெக்டர் ஓடி வந்து கதவைத் திறந்தாரு, ஆடு அவரோட தொப்பியையும் தின்னுடுச்சு" என்று பிள்ளை முடித்தபோது டியூப் நிறைந்து பிளாஸ்திரியும் ஒட்டியாகிவிட்டது.

பிறகு அதுவே வழக்கமாகிப் போயிற்று. ஆடு போலீசில் வேலைக்குச் சேர்ந்தது. ஆட்டுக்கு வயிற்று வலி வந்து இதே ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஆடு பல் டாக்டரைக் கடித்தது. மூன்று வருஷத்தில் வாட்ச்மேன் ஒரு தடவைகூட மேலே வர வேண்டியிருக்கவில்லை.

இதில் எல்லாரையும் மிஞ்சியது செவ்வாய்ப் பாப்பா. ஐந்து வயது. ரத்தத்தில் ஏதோ கோளாறு, வாரா வாரம் செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அவளுடைய கை நரம்பு நூல் மாதிரி, கொஞ்சம் அசைந்தாலும் நழுவிவிடும். முன்பெல்லாம் திங்கட்கிழமை சாயங்காலமே அவளுக்கு வாந்தி வரும். இப்போது திங்கட்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து மறுநாளைக்கு ஆட்டுக்கு என்ன ஆகலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய அப்பா பஸ் டிரைவர். மகளுக்கு ரத்தம் எடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நெஞ்சில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாத மனிதர். ஒருநாள் ஒரு தாளில் நாலு வரி எழுதி, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டார்.

"கதை சொல்லி ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு நன்றி. என் மகளுக்கு இப்போது செவ்வாய்க்கிழமை என்றால் பயம் இல்லை."

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பெட்டியில் அதுவரை யாரும் நன்றி போட்டதில்லை. நன்றிக்கு என்று அலுவலகத்தில் ஃபைல் கிடையாது. அதனால் அதைப் புகார் ஃபைலில் வைத்தார்கள். புகார் என்றால் நடவடிக்கை வேண்டும். கடிதத்தில் 'கதை' இருந்தது, 'மகள்' இருந்தது. எனவே சிறார் இலக்கியப் புரிதல் மற்றும் பகிர்தல் இயக்ககத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

பத்தாவது நாள் ஊசியக்காவுக்குப் பதில் வந்தது. "தாங்கள் மூன்றாண்டு காலமாகச் சிறார் இலக்கியப் படைப்பொன்றைச் சிறாருடன் பகிர்ந்து வந்துள்ளதாக அறிகிறோம். அப்படைப்பைத் தாங்கள் புரிந்துகொண்டதற்கான சான்று எதுவும் இவ்வியக்ககப் பதிவேடுகளில் இல்லை. புரியாமல் பகிர்ந்தமைக்குத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை நேரில் ஆஜராகி விளக்கவும். படைப்பை உடன் கொண்டுவரவும்."

அவளுடைய கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆட்டையா கூட்டிட்டு வரச் சொல்றாங்க?" என்றார்.

"புத்தகத்தைங்க."

"அது புரியணும்னு வேற இருக்கா? நான் லிஃப்ட்தான் கஷ்டம்னு நினைச்சேன்."

இயக்ககம் ஏழு மாடிக் கட்டடம். வாசலில், புத்தகம் படிக்கிற கரடிச் சிலை ஒன்று. கரடியின் கழுத்தில் 'தொடக் கூடாது' என்று பலகை. வாசலில் இருந்த காவலர் ஊசியக்காவின் பையைத் திறந்து பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூடப் பிள்ளைங்க யாரும் வரலையே?"

"இல்லைங்க."

"நல்லது. போன மாசம் ஒண்ணு எப்படியோ உள்ள பூந்து, லைப்ரரியில உக்காந்து ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சிடுச்சு. ரெண்டு பேருக்கு வேலை போச்சு."

உள்ளே ஒன்று முதல் மூன்று மாடிகள் புரிதல் பிரிவு. நாலு முதல் ஆறு வரை பகிர்தல் பிரிவு. புரிதல் பிரிவில் இருப்பவர்கள் எதையும் யாரோடும் பகிரக் கூடாது. பகிர்தல் பிரிவில் இருப்பவர்களுக்கு எதுவும் புரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் இரண்டு பிரிவுகளும் விதியை மீறியதே இல்லை என்று லிஃப்டில் கூட வந்த ஊழியர் பெருமையாகச் சொன்னார். ஏழாவது மாடியில் இயக்குநர்.

இயக்குநருக்கு இனிமையான முகம். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஆயிரம் புத்தகமாவது இருக்கும், எல்லாம் வண்ண வண்ணமாக, எல்லாம் பூட்டி. ஊசியக்காவை உட்காரச் சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றுகொண்டார். அறையில் ஒருத்திதான் இருக்கிறாள் என்பது அவருடைய தொண்டைக்குத் தெரியவில்லை.

"குழந்தைகளுக்குக் கதை எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியாதும்மா. எங்களுக்குத் தெரியும். அவ்வளவு முக்கியமான ஒண்ணை அவங்க கையில நேராக் கொடுத்துடலாமா? இந்தத் துறையில நான் முப்பது வருஷமா இருக்கேன். ஒரு குழந்தையைக்கூட நான் தப்பா வழிநடத்தினதில்லை. ஏன் தெரியுமா? ஒரு குழந்தையைக்கூட நான் சந்திச்சதில்லை. அந்த அளவுக்கு எச்சரிக்கையா இருக்கோம். பகிர்தல்ங்கறது மகத்தான விஷயம். பகிரப் பகிர வளரும். அதனாலதான் கட்டுப்படுத்துறோம். எங்க நோக்கம் ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கதை. அது எந்தக் குழந்தை, எந்தக் கதைங்கறதை முடிவு பண்றதுக்கு ஒரு குழு போட்டோம். குழுவோட தலைவர் போன வருஷம் காலமாயிட்டாரு. நல்ல மனுஷன். கடைசி வரைக்கும் அவசரப்படலை."

ஊசியக்கா அவர் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தாள். "சார், எனக்கு ரெண்டு மணிக்கு ட்யூட்டி. நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொன்னீங்கன்னா..."

"தப்புன்னு நாங்க சொல்லலையே. புரிஞ்சுதான் பண்ணினீங்களான்னு கேக்கறோம். கீழ நிபுணர்கள் இருக்காங்க. மனசுல பட்டதைச் சொல்லாதீங்க, சரியானதைச் சொல்லுங்க."

மூன்றாவது மாடியில் நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நிபுணர்கள். ஒருவர் குறியீட்டு நிபுணர், ஒருவர் நீதி நிபுணர். நடுவில் இருந்த அம்மாள் வயது நிர்ணய நிபுணர். புத்தகத்தைக் கையுறை போட்டுக்கொண்டு புரட்டினார்கள்.

"ஆட்டோட மையக்கருத்து என்ன?" என்று குறியீட்டு நிபுணர் தொடங்கினார்.

"ஆட்டுக்குங்களா?"

"ஆடு எதைக் குறிக்குது?"

ஊசியக்கா யோசித்துப் பார்த்தாள். "ஆட்டைத்தாங்க."

"அப்போ மணி?"

"அது காலிங் பெல்லுங்க."

குறியீட்டு நிபுணர் கண்ணை மூடிக்கொண்டார். மணி என்பது தனிமனிதனின் மனசாட்சி என்றும், அது வயிற்றுக்குள் போனது நுகர்வு மோகத்தைக் காட்டுகிறது என்றும் பொறுமையாக விளக்கினார். நீதி நிபுணர் குறுக்கிட்டார். அது மனசாட்சி இல்லை, அடுத்தவர் பொருள். திருட்டுக்குத் தண்டனை எங்கே என்பதுதான் கேள்வி என்றார். மனசாட்சியே ஒருவகையில் அடுத்தவர் பொருள்தான் என்று குறியீட்டு நிபுணர் பதில் சொல்ல, இரண்டு பேரும் கால் மணி நேரம் ஆட்டை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். அம்மாள் அதற்குள் பக்கங்களை எண்ணி, துண்டோடு வருகிற மனிதர் இருப்பதால் ஏழாம் பக்கம் பதினைந்து வயதுக்கு மேல், ஆடு இருப்பதால் மற்ற பக்கங்கள் மூன்று வயதுக்குக் கீழ் என்று குறித்துக்கொண்டார். ஆக, இந்தப் புத்தகத்தை எந்த வயதுக் குழந்தையும் முழுசாகப் படிக்க முடியாது.

"முடிவு எங்கே?" என்றார் நீதி நிபுணர் திடீரென்று.

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சுங்க. நான் பாக்கறதுக்கு முன்னாடியே இல்லை."

"அப்போ எப்படி முடிப்பீங்க?"

"பிள்ளைங்களே முடிச்சுக்குவாங்க. ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லுவாங்க."

அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு நாளைக்கு இருபது பேர் வருவாங்க. மூணு வருஷம்."

"அத்தனை முடிவும் வெளியில நடமாடிட்டிருக்கா? யாரும் சரிபார்க்காம?"

ஏதோ தொற்று நோயைத் தெருவில் அவிழ்த்துவிட்டவளைப் பார்ப்பது போல மூன்று பேரும் ஊசியக்காவைப் பார்த்தார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செவ்வாய்ப் பாப்பாவின் நூல் நரம்பு ஞாபகம் வந்தது.

"எனக்கு மையக்கருத்தெல்லாம் தெரியாதுங்க. ஒண்ணுதான் புரிஞ்சுது. நான் சொல்லிட்டிருக்கறப்போ பிள்ளை கையைப் பாக்காம என் முகத்தைப் பாக்குது. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டா, நடக்கறதையெல்லாம் தானே முடிவு பண்ற மாதிரி அதுக்கு ஒரு தைரியம் வருது. அந்த ரூமுல அதுங்க இஷ்டத்துக்கு நடக்கறது வேற ஒண்ணுமே இல்லீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நீதி நிபுணர் இதைக் கவனமாகக் கேட்டு, 'புரிதல்: இல்லை' என்று எழுதினார்.

புத்தகம் பறிமுதல் ஆயிற்று. பறிமுதல் என்று சொல்லக் கூடாதாம், 'முழுமைப்படுத்தலுக்காகப் பெறப்பட்டது' என்று ரசீது கொடுத்தார்கள். புத்தகம் திரும்பி வரும் வரை, ஆட்டைப் பற்றியோ அதற்கு ஒப்பான பிற கால்நடைகளைப் பற்றியோ குழந்தைகளிடம் எதுவும் பேசுவதில்லை என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாப்பா துள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் ஏறினாள். கையைத் தானே நீட்டினாள். "அக்கா, இன்னைக்கு ஆடு ஸ்டேஷன் மாடியில ஏறிடும்."

"இன்னைக்கு ஆடு இல்லடா கண்ணு."

"ஏன்?"

"ஆட்டை ஏழு மாடி ஆபீசுல வச்சிருக்காங்க."

பாப்பா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மாதக் கணக்கில் பார்க்காமல் இருந்த தன் கையைப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த ரப்பர் பட்டையைப் பார்த்தாள். தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தாள். அவ்வளவுதான். முதல் குத்தில் கை இழுபட்டது. இரண்டாவதில் நரம்பு நழுவியது. மூன்றாவது தடவை, அப்பா தோளை அமுக்கிப் பிடிக்க, வாட்ச்மேன் மாடி ஏறி வந்து காலைப் பிடிக்க, ஒருவழியாக ரத்தம் வந்தது. பாப்பா அழுது அழுது விக்கல் எடுத்துத் தூங்கிப் போனாள்.

டிரைவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். "என்னாலதான் அக்கா. அந்தக் கடுதாசியை நான் எழுதியிருக்கக் கூடாது."

"நீங்க நல்லதுதானே எழுதினீங்க."

"அதாங்க. கெட்டதா எழுதியிருந்தா யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஊசியக்கா சாப்பிடவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று குத்து குத்தியது அவளுக்கு அதுதான் முதல் தடவை. "பேசாம வாயால சொல்லிடேன். யாரு பாக்கப் போறா?" என்றார் கணவர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மறுநாள் அறைக் கதவில், 'இங்கு அங்கீகாரமற்ற கதைகள் சொல்லப்படுவதைக் கேட்டால் தெரிவிக்கவும்' என்று ஓர் எண்ணோடு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த செவ்வாயும் வாட்ச்மேன் மேலே வந்தார்.

அந்த வாரத்திலேயே பயிற்சிக்கு அழைப்பு வந்தது. மூன்று நாள். பகிர்தல் பிரிவின் பெரிய கூடத்தில் நாற்பது பேர். பள்ளிக்கூட ஆயா, நூலகர், தூங்கும்போது பேரனுக்குக் கதை சொல்லி மாட்டிக்கொண்ட ஓய்வு பெற்ற தபால்காரர் என்று பலதரப்பட்ட குற்றவாளிகள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் முதுகில் சிரிக்கிற குழந்தையின் புகைப்படம். அதற்குத்தான் கதை சொல்லிப் பழக வேண்டும்.

பயிற்றுநர் கையில் ஒரு பாகைமானி வைத்திருந்தார். "குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவுல நாப்பத்தஞ்சு டிகிரி. மேலயும் கூடாது, கீழயும் கூடாது. புன்னகை மூணு தடவை. ஆச்சரியம் ஒரு தடவை, பக்கம் எட்டுல. குழந்தை சிரிச்சா நிறுத்திட்டுக் காரணம் கேளுங்க. காரணம் பாடத்துக்குப் பொருத்தமா இருந்தா சிரிக்க அனுமதிக்கலாம்."

"நடுவுல பிள்ளை எதாவது கேட்டா?" என்றார் தபால்காரர்.

"கேக்காது. நாங்க ஆறு வருஷமா இந்த நாற்காலிகளை வச்சு ஆராய்ச்சி பண்ணிருக்கோம். ஒண்ணுகூடக் கேட்டதில்லை."

கதை முடிந்ததும் பத்துக் கேள்வி கேட்டு, குழந்தைக்குப் புரிந்ததா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். நாற்காலிகள் எல்லாமே நூற்றுக்கு நூறு வாங்கின. ஊசியக்காவின் நாற்காலி சிறந்த கேட்பாளராகத் தேர்வாகி, அதற்கு ஒரு ரிப்பன் குத்தினார்கள். மூன்றாம் நாள் இயக்குநர் வந்து, குழந்தைகளே இல்லாமல் சிறார் இலக்கியம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதற்கு இந்தக் கூடமே சாட்சி என்று பேசினார். அவருக்கே கண் கலங்கியது.

சான்றிதழோடு, இனி இதில் உள்ளபடி மட்டுமே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு, புத்தகமும் திரும்பக் கிடைத்தது. அட்டை போட்டு, கனமாக, அறுபத்திரண்டு பக்கம். முன்னுரை, அணிந்துரை, நோக்கவுரை, கேட்குமுன் எடுக்க வேண்டிய உறுதிமொழி, பிறகு கதை, பிறகு பத்துக் கேள்வி. சொல்லி முடிக்க இருபத்திரண்டு நிமிஷம் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ரத்தம் எடுக்க ஆகிற நேரம் நாற்பது விநாடி.

மூன்றாவது செவ்வாய். அன்றைக்குக் கள ஆய்வாளரும் வந்திருந்தார். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். மடியில் படிவம், கையில் ஸ்டாப்வாட்ச். மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "நான் இருக்கறதை மறந்துடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் பாகைமானியை எடுத்தார்.

பாப்பா அப்பாவின் தோளில் இருந்து இறங்க மறுத்தாள். புதுப் புத்தகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தலையைத் தூக்கினாள். "ஆடு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

அவளாகவே இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஊசியக்கா படிக்க ஆரம்பித்தாள். "இப்படைப்பின் நோக்கமாவது, பொதுச் சொத்தின்பால் சிறாரிடையே பொறுப்புணர்வை..."

"ஆடு எங்க?"

"வரும்மா. முன்னுரை முடியட்டும்."

ஆய்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். ஊசியக்கா பக்கங்களைத் தள்ளினாள். அணிந்துரையைத் தாண்டி, உறுதிமொழியைத் தாண்டி, நேராகக் கடைசிக்கு வந்தாள். கிழிந்து போயிருந்த அந்தப் பக்கம் இப்போது பளபளவென்று இருந்தது. "காவல் நிலையத்தை அடைந்த ஆடு தன் தவற்றை உணர்ந்தது. மணியை உரியவரிடம் ஒப்படைத்து, இனி பிறர் பொருளை உண்ணேன் என்று உறுதிமொழி ஏற்றது."

பாப்பா அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "மணி வயித்துக்குள்ள இருக்கே. எப்படிக் குடுக்கும்?"

ஊசியக்கா ஆய்வாளரைப் பார்த்தாள். ஆய்வாளர் படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

"இது அந்த ஆடு இல்லை" என்றாள் பாப்பா தீர்மானமாக. அவளுடைய உதடு நடுங்கத் தொடங்கியது. டிரைவர் வழக்கம் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே இருந்து வாட்ச்மேனை வரச் சொல்லலாமா என்று நர்ஸ் கதவருகில் நின்று சைகையில் கேட்டாள்.

ஊசியக்கா புத்தகத்தை மூடினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள். வேலை போகுமா, போகட்டுமா என்று அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

பாப்பா அவளையே உற்றுப் பார்த்தாள். "அக்கா, உனக்கு அந்த ஆடு மறந்துடுச்சா?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள் பாப்பா. தொடைக்கு அடியில் இருந்த இடது கையை எடுத்து ஊசியக்காவின் முழங்கால் மேல் வைத்தாள். "நான் உனக்குச் சொல்றேன். அழாம கேளு. ஒரு ஊருல ஒரு ஆடு இருந்துச்சு. அதுக்கு ரொம்பப் பசி."

ஊசியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

பாப்பா சொன்ன கதையில் முன்னுரை இல்லை. மணி நேராக வயிற்றுக்குப் போயிற்று. டிங் டாங் என்றபோது அவள் தலையை மட்டும்தான் ஆட்டினாள், கையை ஆட்டவில்லை. நுரையோடு ஒருவர் வந்தார், துண்டோடு ஒருவர் வந்தார். இந்தத் தடவை தெருவில் ஓர் ஆபீசும் இருந்தது. ஏழு மாடி. ஆடு வாசலில் நின்று துள்ளியது. ஏழு மாடியிலும் எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு யார் யார் என்று ஓடி வந்தார்கள். வாசலில் யாருமே இல்லை.

பாப்பா நிறுத்தினாள். கூரையைப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றது ஒரு குரல்.

கேட்டது ஆய்வாளர். ஸ்டூலை விட்டு முன்னால் நகர்ந்து, கிட்டத்தட்ட பாப்பாவின் காலடியில் குந்தியிருந்தார். பாகைமானி எங்கேயோ விழுந்திருந்தது.

"அப்புறம் எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா, காத்துல கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள. ஆடு என்ன பண்ணும், பாவம். எல்லாரையும் கூட்டிட்டுப் பார்க்குக்குப் போயிடுச்சு" என்று முடித்தாள் பாப்பா. டியூப் நிறைந்திருந்தது. ஒரே குத்து. பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எடுத்தாச்சா?" என்றாள். டிரைவர் சுவரைப் பார்த்தபடியே மூக்கைச் சிந்தினார்.

ஆய்வாளர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் படிவத்திடம் திரும்பினார். அங்கேதான் சங்கடம். பகிர்ந்தவர் என்ற இடத்தில் பாப்பாவின் பெயரை எழுதினார். வயது ஐந்து. சான்றிதழ் எண் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கேட்ட சிறார் என்ற இடத்தில் யாரை எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, நேர்மையான மனிதர், தன் பெயரையே எழுதினார்.

அறிக்கை ஏழாவது மாடிக்குப் போயிற்று. இயக்ககத்தில் மூன்று நாள் அவசரக் கூட்டம் நடந்ததாகக் கேள்வி. பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லத்தான் விதிகள் இருந்தன. குழந்தைகள் பெரியவர்களுக்குச் சொல்வார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசியில் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. "பெரியவர்களுக்குக் கதை சொல்ல விரும்பும் குழந்தைகள் பதினெட்டு வயது நிரம்பியவர்களாக இருத்தல் வேண்டும்."

ஆஸ்பத்திரி அலுவலக குமாஸ்தா, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு வந்தார். சுற்றறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். 'படித்தேன்' என்று ஒரு கட்டம், 'புரிந்தது' என்று ஒரு கட்டம். ஊசியக்கா நிதானமாகப் படித்தாள். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, ரெண்டாவதுலயும் போடணும்."

"புரியலையே தம்பி."

"எங்களுக்கு மட்டும் புரிஞ்சா போட்டோம்? சும்மா போடுங்க அக்கா."

"புரியாம பண்ணினேன்னு ஏற்கெனவே என் மேல ஒரு ஃபைல் இருக்கு. இன்னொரு தடவை மாட்டிக்கச் சொல்றியா?"

சம்பந்தப்பட்ட ஊழியருக்குப் புரியவில்லை என்று குமாஸ்தா குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். புரியும் வரை சுற்றறிக்கை அந்த அறைக்குப் பொருந்தாது என்று இயக்ககத்தின் சட்டப் பிரிவு பதில் எழுதியது. அவளுக்குப் புரிய வைப்பதற்கு மூன்று நிபுணர்கள் கொண்ட குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. குழு இன்னும் கூடவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்று ஊசியக்காவும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.